நிற்கத் தெரிந்த வண்டி

உல்லாசப் பூங்காக்களில் ஜனங்களை உயரே ஏற்றிச் சென்று பாய்ச்சலாய்க் கீழே இறக்கும் 'ரோலர் கோஸ்டர்' என்னும் வண்டி, பாதி வழியில் ஏதோ ஓர் ஏற்றத்தில் நின்றுவிட்டால், மறுநாட் காலையில் "அந்தரத்தில் தவித்த பிரயாணிகள்" என்ற தலைப்புடன் அச்செய்தி பத்திரிகைகளில் வெளியாகிறது. ஏற்றத்தின் ஓரத்துப் படிக்கட்டுகளில் ஒருவர் பின் ஒருவராய் இறக்கப்படும் குழந்தைகளின் படமும், அழுத முகத்துடன் காத்திருந்த தாயின் வாக்குமூலமும் அதனுடன் சேர்ந்து வரும். அந்தத் தாயின் கலக்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும், அப்படி நின்ற வண்டிகளிற் பல, நிற்கவேண்டிய காரணம் இருந்து நின்றவையே என்பதையும், நிற்பதற்கென்றே அந்த யந்திரத்துக்குள் ஓர் ஏற்பாடு வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லுவார் இல்லையே என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

இந்த வண்டியின் பூர்வீகம் ருஷ்யாவில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலேயே அந்நாட்டவர் மரச்சாரம் கட்டி, அதன்மேல் நீர் ஊற்றி உறையவைத்து, அந்தப் பனிச்சரிவில் சறுக்கி விளையாடினார்கள். சக்கரமும் தண்டவாளமும் பின்னால் வந்தன. 1884-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரத்தை அடுத்த கோனித் தீவில் லாமார்க்கஸ் தாம்ஸன் என்பவர் அமைத்த வண்டி மணிக்கு ஆறு மைல் வேகத்தில்தான் சென்றது; அதற்கே ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

தாம்ஸனுக்குப் பிறகு இன்றுவரை, பழைய சம்பிரதாயப்படி அமைந்த வண்டிகளின் தத்துவம் ஒன்றே. அவற்றுக்கு எஞ்சின் கிடையாது. ஒரு சங்கிலி வண்டியைப் பற்றி முதல் ஏற்றத்தின் உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிடுகிறது; அந்த உயரத்தினால் சேர்ந்த சக்தி ஒன்றையே முதலாகக் கொண்டு, பூமியின் ஆகர்ஷணத்தினால் வேகம் பெற்று, உராய்வுக்கும் காற்றுக்கும் வழியெல்லாம் வரி செலுத்திக்கொண்டு, வண்டி மிச்சமுள்ள பாதை முழுவதையும் கடந்து நிலையத்துக்குத் திரும்பவேண்டும். ஏறும்போது அடியிலிருந்து 'டக் டக்' என்று கேட்கும் ஓசை சங்கிலியினுடையதன்று. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி, ரம்பம்போற் பல்வெட்டிய பட்டையில் ஓர் இரும்பு நாக்கு பல் பல்லாக விழுந்து விழுந்து எழும் ஓசை அது. இந்த ஏற்பாடு கைவிட்டால் என்ன ஆகும் என்பதை 1972 மே 30-ஆம் தேதி லண்டன் நகரத்தின் பாட்டர்ஸி பூங்கா கண்டது. அங்கே 'பிக் டிப்பர்' என்ற மர ரோலர் கோஸ்டரில் வண்டியை இழுத்த கயிறு அறுந்தது. பின்னோக்கி உருளாமல் தடுக்கவேண்டிய கருவியும் தடுக்கவில்லை. வண்டி பின்புறமாய் ஓடி விபத்துக்குள்ளாகியதில் ஐந்து குழந்தைகள் மாண்டார்கள்.

வண்டி தண்டவாளத்தைவிட்டு எகிறாமல் இருப்பதற்குக் காரணம் சக்கரங்களின் அமைப்பு. மேலே உருளும் சக்கரங்கள் பாரத்தைத் தாங்குகின்றன. பக்கத்துச் சக்கரங்கள் வளைவுகளில் வண்டியை வழிப்படுத்துகின்றன. தண்டவாளத்தின் அடிப்புறத்தைக் கவ்விய மூன்றாவது வகைச் சக்கரங்கள் வண்டியை மேலே எழும்பவிடுவதில்லை. மூன்றாவதற்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் காப்புரிமை பெற்றார். தலைகீழாய்ச் சுழலும் வளையத்துக்கும் இப்படி ஒரு சரித்திரம் உண்டு. ஆதியில் அதைச் சரியான வட்டமாகவே அமைத்தார்கள். வட்டத்துக்குள் புகும் க்ஷணத்தில் உடம்பின் பாரம் திடீரெனப் பன்மடங்காகிக் கழுத்தை நோகச் செய்தது. மேலே குறுகியும் கீழே படிப்படியாக விரிந்தும் செல்லும் வளைவே உடம்புக்கு ஏற்றது என்று ஜெர்மானியப் பொறியியலாளர் வெர்னர் ஸ்டெங்கல் கணித்து, 1976-இல் கலிபோர்னியாவில் அமைந்த வண்டியில் அதைக் கையாண்ட பிறகுதான் தலைகீழ்ச் சுழற்சி சாதாரண ஜனங்களுக்கு உரியதாயிற்று.

இவையெல்லாம் ஒரு வண்டி தனியே ஓடும்போது போதும். ஒரே பாதையில் பல வண்டிகளை ஓட்ட முற்பட்டபோது, ஒன்றன் மேல் ஒன்று மோதாதிருக்க வழி தேடவேண்டியதாயிற்று. உள்ளே அமர்ந்தவர்களிடம் பிரேக் கிடையாது, சாரதியும் கிடையாது. ஆகவே ரயில்வேக்காரர்கள் கைக்கொண்ட 'பிளாக்' முறையையே இங்கும் எடுத்துக்கொண்டார்கள். கைகாட்டி மரங்கள் இருந்த நாளில், நம் நாட்டு ரயில் நிலையங்களில் முன்னே சென்ற ரயில் அடுத்த நிலையத்தை அடைந்துவிட்டதாகத் தகவல் வரும்வரையில் பின்னால் வந்த ரயிலுக்குக் கைகாட்டி இறங்காது என்பது யாவரும் அறிந்தது. அதுபோலவே ரோலர் கோஸ்டரின் பாதையும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பகுதியில் ஒரு வண்டிக்குமேல் இருக்கலாகாது. வண்டி கடந்துபோவதைத் தண்டவாளத்தின் ஓரத்திலுள்ள உணர்கருவிகள் எண்ணிக் கணிப்பொறிக்குச் சொல்ல, முன்பகுதி காலியாகாதவரையில் பின்வண்டியை ஏற்றத்திலோ பிரேக் தளத்திலோ கணிப்பொறி நிறுத்திவைக்கிறது. காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு: அழுத்தம் இருக்கும்வரையில்தான் அவை திறந்திருக்கும்; மின்சாரம் போனாலும் குழாய் வெடித்தாலும் தாமே மூடிக்கொள்ளும். ஏதேனும் சந்தேகம் நேர்ந்தால் நின்றுவிடு என்பதே இந்த யந்திரத்துக்கு விதிக்கப்பட்ட தர்மம்.

அந்தத் தர்மத்தை யந்திரம் வழுவாமற் காத்தும் மனிதர் அதனை நம்பாததனால் நேர்ந்த துயரம் ஒன்றுண்டு. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பிரதேசத்திலுள்ள ஆல்டன் டவர்ஸ் பூங்காவில், பதினான்கு முறை தலைகீழாய்ச் சுழன்று உலகசாதனை படைத்த 'ஸ்மைலர்' என்ற வண்டி 2013-இல் திறக்கப்பட்டது. 2015 ஜூன் 2-ஆம் தேதி, காற்று பலமாக வீசிய ஒரு பகற்பொழுதில், கோளாறு ஒன்றைச் சரிசெய்யவந்த பொறியாளர்கள் பிரயாணிகள் இல்லாத வெறும் வண்டி ஒன்றைப் பரீட்சைக்காக ஓட்டிப்பார்த்தார்கள். ஆட்கள் நிறைந்த வண்டி காற்றை எதிர்த்து ஏறிவிடக்கூடிய இடத்தை இலேசான வெறும் வண்டி ஏறமாட்டாமற் போவதுண்டு. அவ்வாறே அந்த வண்டி ஏறாமற் பின்வாங்கி, இரண்டு மேடுகளுக்கிடையிலுள்ள தாழ்வில் நின்றுவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. அன்று பாதையில் ஐந்தாவதாக ஒரு வண்டி சேர்க்கப்பட்டிருந்த செய்தியும் அங்கிருந்த எல்லாரையும் எட்டியிருக்கவில்லை. பதினாறு பேர் ஏறிய அடுத்த வண்டி புறப்பட்டது. முன்பகுதி காலியாகவில்லை என்று கண்ட கணிப்பொறி அதனை ஏற்றத்திலேயே நிறுத்திவிட்டது. கணிப்பொறி பொய் சொல்லுகிறது என்று கருதிய பொறியாளர்கள், அதன் தடையைக் கையால் நீக்கி வண்டியை விடுவித்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எதிரே அசையாது நின்ற வெறும் வண்டியைத் தம் கண்ணாலேயே கண்டபடி அதன்மேற் போய் மோதினார்கள்.

அவசர உதவிக்குத் தகவல் சொல்லவே பதினேழு நிமிஷம் ஆயிற்று. தரையிலிருந்து சுமார் 20 அடி உயரத்தில், சாய்ந்த நிலையில், நசுங்கிய இரும்பினிடையே சிக்கியவர்களை மீட்டு முடிக்கப் பல மணி நேரம் ஆயிற்று. இளம் பெண்கள் இருவர் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள்.

அன்று மாலைக்குள் நசுங்கிய வண்டியின் படம் உலகமெங்கும் பரவியது. பிளாக் முறை என்று ஒன்று உண்டு என்பதையோ, அது அன்று சரியாகவே வேலைசெய்தது என்பதையோ முதல்நாட் செய்திகளிலிருந்து ஒருவரும் தெரிந்துகொண்டிருக்க முடியாது. நவம்பரில் நிர்வாகம் தன் விசாரணையின் முடிவை வெளியிட்டபோது, "மனிதத் தவறே காரணம்" என்பது தலைப்பாயிற்று. அந்தச் சொற்றொடர் எவ்வளவோ சௌகரியமானது. வாசகன் அதைப் படித்துவிட்டு, யாரோ ஓர் ஊழியனின் கவனக்குறைவு என்று தீர்மானித்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். பத்திரிகை அந்த இடத்தில் நிற்பது நியாயமன்று என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். அந்த ஊழியனுக்கு யார் என்ன கற்றுக்கொடுத்திருந்தார்கள், தடையை நீக்குமுன் பாதையைச் சுற்றிப்பார்க்கவேண்டுமென்று எழுதிவைத்த விதி ஏதேனும் உண்டா, எத்தனை வண்டிகள் என்று எண்ணிச் சொல்ல ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தாரா, மணிக்கு 34 மைலுக்கு மேற்பட்ட காற்றில் ஓட்டலாகாதென்று செய்தவர்கள் சொல்லியிருந்தும் அன்று ஏன் ஓடிற்று என்றெல்லாம் அல்லவா கேட்டிருக்கவேண்டும்?

நியாயஸ்தலம் அவற்றைக் கேட்டது. 1974-ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தொடரப்பட்ட வழக்கில், பூங்காவை நடத்திவந்த மெர்லின் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016 செப்டம்பரில் ஸ்டாஃபோர்ட் நீதிமன்றம் ஐம்பது லட்சம் பவுன் அபராதம் விதித்தது. தனி ஊழியர்களின் தவறன்று, முறையான ஏற்பாடு செய்யாத முதலாளியின் தவறே என்பது வழக்குத் தொடர்ந்த பாதுகாப்பு அதிகாரிகளின் நிலை.

ஸ்மைலர் 2016 மார்ச்சில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே நிர்வாகம் புதிய விதி ஒன்றை ஏற்படுத்தியிருந்தது: எக்காரணத்தாலாவது வண்டி நின்றுவிட்டால், மூத்த அதிகாரி ஒருவர் மேற்பார்வையிட்டு அநுமதி தந்தாலன்றி அதனை மீண்டும் புறப்படச் செய்யலாகாது.