காயத்தை அழுத்துங்கள், காப்பித்தூள் வேண்டாம்

நமது மலைகளில் கத்தி இல்லாத வேலை எது? இறப்பர் மலையில் பால் வெட்டும் கத்தி, தேயிலை மலையில் கவ்வாத்துக் கத்தி. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் இறங்குவோருக்குக் குழி இடியும் ஆபத்தும் உண்டு. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை. வீடிழந்து புதிய இடத்தில் குடியேறியவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் புதிதுதான். எனவே, உதவி வரும்வரை என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. அதில் 1 லீற்றர் அளவு போனாலே ஆபத்து தொடங்கிவிடும். பீலியில் தண்ணீர் குறைந்தால் கடைசி வீட்டுக்கு எட்டாதது போல, மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் இரத்தம் எட்டாமல் போகிறது. வைத்தியர்கள் இதை ‘அதிர்ச்சி’ என்பார்கள். பயத்தினால் வரும் அதிர்ச்சி வேறு, இது வேறு.

இதை எப்படி அறிவது? தோல் குளிர்ந்து வியர்க்கும். உதடும் நகமும் வெளுக்கும். நாடி மெலிந்து வேகமாக அடிக்கும். மூச்சு வாங்கும், தாகம் எடுக்கும். முதலில் பதறுவார், பிறகு பேச்சுக் குறைந்து தூங்குவது போலாவார். வலி குறைந்துவிட்டது என்று அப்போது நிம்மதி அடைவோர் உண்டு. உண்மையில் அதுவே மிக மோசமான கட்டம்.

காயத்தில் காப்பித்தூள், தேயிலைத்தூள், மஞ்சள் அப்பும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அவை பீறிடும் இரத்தத்தை நிறுத்தா, காயத்தை அழுக்காக்கும். சுத்தமான துணியை வைத்து இரு கைகளாலும் பலமாக அழுத்துங்கள். உங்கள் கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொள்வது நல்லது. ‘நின்றுவிட்டதா’ என்று அடிக்கடி துணியைத் தூக்கிப் பார்க்காதீர்கள். நனைந்தால் மேலே இன்னொரு துணி வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். குத்தி நிற்கும் கம்பியையோ கட்டையையோ பிடுங்காமல், அதன் இருபக்கமும் அழுத்துங்கள்.

கையிலோ காலிலோ பீறிடும் இரத்தம் அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும், காயத்துக்கு 2 அல்லது 3 அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல், அகலமான துணியைக் கட்டுங்கள். அதில் குச்சியைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கயிறும் கம்பியும் உதவா. கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி சேரும்வரை தளர்த்தாதீர்கள். பாம்புக்கடிக்கு இந்தக் கட்டு அறவே கூடாது.

ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, ஈரத் துணியை மாற்றிக் கம்பளியால் போர்த்துங்கள். தாகம் என்று கேட்டாலும் தேநீரோ சோடாவோ கொடுக்காதீர்கள், சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியாமல் அதிர்ச்சி வருவதும் உண்டு. மரத்திலிருந்து விழுந்தவர், மண்ணில் புதைந்து மீட்கப்பட்டவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று எழுந்து நடந்தாலும், வயிறு கல்லாகி முகம் வெளுத்தால் உள்ளே இரத்தம் கசிகிறது என்றே கொள்ளுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு உதிரம் நிற்காமல் போனாலும் இதே அவசரம்தான்.

2016இல் தொடங்கிய ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் இன்று நாடெங்கும் ஓடுகிறது, எண் 1990. ஒருவர் காயத்தை அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் பேசட்டும். தோட்டத்தின் பெயரோடு டிவிசன், பக்கத்து டவுண், வண்டி எதுவரை வரும் என்பதையும் சொல்லுங்கள். இரவானால் பாதை முனையில் டோர்ச்சுடன் ஒருவரை நிறுத்துங்கள்.