வியன்னா நகரில் கைப்பணமும் அன்றாடச் செலவும்



உங்களிற் சிலர் மேற்படிப்பை முன்னிட்டு ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்லும் வாய்ப்பினைப் பெறுவீர்கள். புதிய மொழியும் கடுங்குளிரும் தரும் தொல்லை சில திங்களிற் பழகிவிடும். பணம் தரும் தொல்லை அவ்வாறு தானே பழகிவிடுவதன்று. அதனை அறிந்துதான் வெல்ல வேண்டும். ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் என் மகள் இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது கண்டவற்றைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

முதலில் நாணயத்தைப் பார்ப்போம். முதல் உலகப் போருக்குப் பின் அந்நாட்டின் பழைய நாணயமாகிய குரோனே அடியோடு மதிப்பிழந்தது. 1925 இல் பதினாயிரம் குரோனேக்கு ஒன்று என்ற கணக்கில் ஷில்லிங் வந்தது. 2002 ஜனவரியில் அதன் இடத்தில் யூரோ நோட்டுகளும் காசுகளும் புழக்கத்துக்கு வந்தன. ஆஸ்திரியாவில் அடிக்கப்படும் ஒரு யூரோக் காசில் இசைமேதை மோஸார்ட்டின் உருவமும், இரண்டு யூரோக் காசில் 1905 இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற பெர்த்தா ஃபான் சுட்னர் அம்மையாரின் உருவமும் உள்ளன. அழகுக்காக மட்டும் இதனைக் கூறவில்லை. நம் நாட்டில் காசு என்றால் சில்லறை. எண்ணாமல் சட்டைப் பையில் போட்டு வைப்பது நம் வழக்கம். அங்கோ இரண்டு யூரோக் காசு ஒன்று ஏறத்தாழ இருநூறு ரூபாய்! பையிற் கலகலக்கும் நான்கைந்து காசுகளில் ஒரு வேளைச் சாப்பாடே அடங்கியிருக்கக் கூடும்.

இனி, புதிதாகச் செல்வோர் எல்லோரையும் பிடிக்கும் நோய் ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் விலையை நூறால் பெருக்கி ரூபாயாக்கி, நெஞ்சு பதைப்பதே அந்நோய். என் பழைய மாணாக்கன் ஒருவன் அங்கே படித்துக்கொண்டிருந்தான். தந்தையார் வீட்டை அடமானம் வைத்து அனுப்பியிருந்தார். அந்த நினைவு அவனை விடவில்லை. பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே குறைந்த விலையில் சூடான மதிய உணவு தரும் ‘மென்ஸா’ என்னும் உணவுச் சாலை இருந்தும், அவ்விலையை ரூபாயாக்கிப் பார்த்து மனம் ஒப்பாமல், வெறும் ரொட்டியைத் தின்று இரண்டு மாதங்களில் எலும்பும் தோலுமாகிவிட்டான். நான் அவனுடைய கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். சாப்பாட்டில் மிச்சம் பிடித்தவன், பயத்தினால் இருபது இருபது யூரோவாக, நம் நாட்டு வங்கி அட்டையைக் கொண்டு ஏ.டி.எம். இயந்திரத்தில் எடுத்திருந்தான். ஒவ்வொரு முறையும் வங்கி ஒரு கட்டணம் பிடித்திருந்தது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் அக்கட்டணம் ஒன்றுதான். வயிற்றைக் காயப்போட்டுச் சேர்த்ததில் பெரும்பகுதி அவ்வழியே ஒழுகிப் போயிருந்தது.

அவனுக்கு நான் சொன்ன முறை இது. மாதத்துக்குரிய தொகையிலிருந்து வாடகையையும் பயணச் சீட்டையும் முதலிற் கழித்துவிட வேண்டும். எஞ்சியதை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்குரிய யூரோ கிடைக்கும். பிறகு ஒரு பொருளை வாங்குமுன், ‘இது எத்தனை ரூபாய்?’ என்று கேளாமல், ‘இது என் ஒரு நாளில் எத்தனையில் ஒரு பங்கு?’ என்று கேட்க வேண்டும். ரூபாய்க் கணக்கை வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, வைத்துக்கொண்டால் போதும். பின்னங்களை நான்காம் வகுப்பிலேயே படித்துவிட்டோம், பயன்படுத்தத்தான் மறந்துவிடுகிறோம்.

ஏ.டி.எம். இயந்திரத்தைப் பற்றி மற்றொன்றும் அறிய வேண்டும். பணம் எடுக்கும்போது, ‘உமது கணக்கில் ரூபாயாகக் கழிக்கலாமா, யூரோவாகக் கழிக்கலாமா?’ என்று திரையில் ஒரு வினா எழும். ரூபாய் நமக்குப் பழகிய நாணயமாதலால் கை அதை நோக்கியே போகும். போகலாகாது. ரூபாய் என்று ஒப்பினால் மாற்று விகிதத்தை அவ்வியந்திரத்துக்கு உரியவரே நிர்ணயிக்கிறார். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். எப்பொழுதும் யூரோ என்றே சொல்லுங்கள். கடைத்தெருவிற் பளபளவென்று நிற்கும் தனி இயந்திரங்களைத் தவிர்த்து, வங்கியின் வாயிலில் உள்ளவற்றை நாடுவது நலம்.

வியன்னாவின் காப்பிச் சாலைகள் உலகப் புகழ் பெற்றவை. ‘மெலாஞ்ச்’ என்னும் நுரை ததும்பும் காப்பி ஐந்தாறு யூரோ ஆகும். கொள்ளை என்று தோன்றும். ஆனால் அவ்விலையில் காப்பி ஒரு பாதிதான்; மறுபாதி இருக்கைக்கு வாடகை. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு பத்திரிகைகளைப் படித்தவாறு இரண்டு மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தாலும் எவரும் எழுப்ப மாட்டார்கள். அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்து போகிறவருக்குத்தான் அது நஷ்டம்! பில் ஒன்பது யூரோ இருபது செண்டு என்றால், பணியாளர் மேசையருகே நிற்கும்போதே ‘பத்து’ என்று சொல்லிக் கொடுப்பது அவ்வூர் மரியாதை.

காப்பியோடு ஒரு தம்ளர் தண்ணீரும் தட்டில் வரும். அத்தண்ணீருக்கு ஒரு வரலாறு உண்டு. 1873 இல் ஆல்ப்ஸ் மலையின் ஊற்று நீரைக் குழாய்வழி நகருக்குக் கொண்டுவந்தார்கள். 1910 இல் 180 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் குழாய்வழி அமைந்தது. மலை உயர்ந்தும் நகர் தாழ்ந்தும் இருப்பதால், நீர் தன் எடையினாலேயே ஓடி வருகிறது. வீட்டுக் குழாயில் வருவது அந்த ஊற்று நீரே. ஆகவே கடையில் தண்ணீர்ப் புட்டி வாங்குவது வீண். 2025 முதல் பிளாஸ்டிக் புட்டிக்கும் தகரக் குவளைக்கும் 25 செண்டு முன்பணம் வேறு கட்ட வேண்டும். காலிப் புட்டியைக் கடையில் திருப்பினால்தான் அது மீளும்.

பாதாள ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. எவரும் உள்ளே போகலாம். ஆனால் முத்திரையிட வேண்டிய சீட்டு, முத்திரை பெறாவிட்டால் சீட்டே ஆகாது. பரிசோதகரிடம் அகப்பட்டால் அபராதம் நூறு யூரோவுக்கு மேல். பல நாள் தங்குவோர் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ உள்ள சீட்டு வாங்கினால், ஒன்றிலேயே டிராம், பேருந்து, பாதாள ரயில் மூன்றிலும் செல்லலாம்.

ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அரிசியும் காய்கறியும் வாங்கிவிட வேண்டும். மறந்தவர்க்குப் பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில கடைகளே கதி. துணிப்பையும் கையோடு கொண்டு செல்லுங்கள். 2020 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு அங்கே தடை.

இவ்வளவு கணக்குக்கும் பின் மாதக் கடைசியில் சில யூரோ எஞ்சினால், 1869 இல் திறக்கப்பட்ட அரசாங்க இசைநாடக அரங்குக்குச் செல்லுங்கள். அங்கே அமர்ந்து பார்ப்பவர் நூறு, இருநூறு யூரோ கொடுத்திருப்பார். பின்புறத்தில் நின்று பார்ப்போர்க்கு அதில் ஒரு சிறு பகுதியே கட்டணம். முன்னதாகவே சென்று வரிசையில் நின்றால் இடம் கிடைக்கக் கூடும். என் மாணாக்கனும் நானும் ஒரு மாலை அவ்வாறு மூன்று மணி நேரம் நின்று மோஸார்ட்டைக் கேட்டோம். கால் வலித்தது, அன்றையக் கணக்கில் இரண்டு யூரோ மிச்சமும் இருந்தது.