கடன் வாங்காமல் கழித்த பிள்ளை

கரும்பலகை ஓரம் – 14

பாகூர் கொம்யூனில் உள்ள செலியமேட்டு அரசுப் பள்ளிக்குக் கவிஞர் வாணிதாசன் பெயர். இயற்பெயர் எத்திராசலு என்கிற அரங்கசாமி. 1915இல் வில்லியனூரில் பிறந்தார், வாழ்ந்தது செலியமேட்டில். தமிழகப் பாடநூலில் எட்டாம் வகுப்பில் ‘ஓடை’ படித்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ‘தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த்’ என்ற புகழ்ச்சி, பிரெஞ்சு அரசின் செவாலியர் விருது, நான்கு மொழிப் புலமை எல்லாவற்றையும் ஆசிரியர் குறிப்பில் கொடுத்திருப்பார்கள். பரீட்சையில் வருவதும் அதுதான். நமக்கு வேண்டியது அதே குறிப்பில் போகிற போக்கில் வரும் செய்தி: அவர் பாரதிதாசனின் மாணவர். பெரியவரான பிறகு தேடிப்போய்ச் சீடரானவர் என்று நினைத்துவிட வேண்டாம். தொடக்கப் பள்ளியிலேயே அவரிடம் பாடம் கேட்ட பிள்ளை.

அந்த ஆசிரியரின் கதையும் கொஞ்சம் வேண்டும். பாரதிதாசன், அதாவது கனகசுப்புரத்தினம், 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியர் வேலைக்குப் போனபோது வயது பதினெட்டு. மூன்றாண்டுத் தமிழ்ப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்து முதலாவதாகத் தேறினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஓடுகிற பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்காமல் ஓட விட்டிருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு கல்லூரியில் போய் இதைக் கேட்டுப் பாருங்கள், ‘விதியில் இடமில்லை’ என்று வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். பாரதி புதுவையில் இருந்தது 1908 முதல் 1918 வரை. இளம் ஆசிரியரின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்க அப்படி ஓர் ஆள் ஊரிலேயே இருந்தார். பிறகு 1946 வரை, மொத்தம் 37 ஆண்டுகள், புதுவை வட்டாரப் பள்ளிகளில் பாரதிதாசன் பாடம் நடத்தினார். அவரிடம் படித்த வாணிதாசனும் ஆசிரியர் வேலைக்கே வந்தார்.

ஆக, நல்ல வாத்தியார் கண்ணில் பட்டால் போதும், சூட்டிகையான பிள்ளை தானாக மேலே வந்துவிடும் என்று முடித்துவிடலாம்தான். மேடையில் பேசினால் கைதட்டும் கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாத்தியார் கண்ணில் படாமல் போனவர்களுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் பெயர் வைப்பதில்லை, அவர்களின் கணக்கு நமக்கு வருவதும் இல்லை.

கண்ணும் தவறும், தேர்வும் தவறும். 1921இல் அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் அறிவுக்கூர்மை மிக்க பிள்ளைகளைத் தேடினார். முதலில் வகுப்பாசிரியர்களிடம் பெயர் கேட்டார், அப்புறம் தேர்வு வைத்தார். சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தது அந்த ஆய்வு. அவர்களில் ஒருவர்கூட நோபல் பரிசு வாங்கவில்லை. அந்தத் தேர்வில் மதிப்பெண் போதாமல் கழிக்கப்பட்ட இரண்டு பையன்கள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும், பிற்காலத்தில் 1956லும் 1968லும் இயற்பியலுக்கு வாங்கினார்கள்.

புளோரிடாவின் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் நடந்தது இன்னும் நமக்கு நெருக்கமானது. ஆசிரியரோ பெற்றோரோ பெயர் சொன்னால்தான் ஒரு பிள்ளையைச் சோதிப்பது என்பது அங்கே பழைய வழக்கம். 2005 முதல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும், யார் சிபாரிசும் இல்லாமல், படங்களை வைத்தே ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளும் சிறப்பு வகுப்புக்குத் தகுதி பெறுவது கணிசமாகக் கூடியது. பிள்ளைகள் முன்பும் அதே பிள்ளைகள்தான், பெயர் சொல்லத்தான் ஆள் இல்லை. பின்னால் பணம் இல்லை என்று தேர்வை நிறுத்தியதும் எண்ணிக்கை பழையபடி இறங்கிவிட்டது. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை 2016இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

நம் ஊரில் யார் பெயரைச் சொல்வோம்? எழுத்து முத்து முத்தாக இருக்கும் பிள்ளை, கேட்டதும் கை தூக்கும் பிள்ளை, நோட்டுக்கு அட்டை போட்டு வரும் பிள்ளை. எதிர்க்கேள்வி கேட்கும் பெண்பிள்ளைக்கு வாயாடி என்று பெயர். சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனைச் சீண்டுகிறவன் வால். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் வராமல் போகிற பிள்ளை ‘லீவு கேஸ்’.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மூன்றாம் வகுப்பு. 1000த்திலிருந்து 367 கழிக்க வேண்டும். எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் கணக்கு இது. ஒன்றில் பூஜ்யம், பத்தில் பூஜ்யம், நூறிலும் பூஜ்யம். கடைசி வரை போய் ஆயிரத்திடம் கடன் வாங்கி, வழியெல்லாம் அடித்து அடித்து எழுதி வர வேண்டும். ஒரு பிள்ளை மட்டும் 999 – 366 என்று எழுதி, அடியில் 633 போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணிலும் ஒன்றைக் குறைத்துவிட்டது, கடனே வாங்கவில்லை. விடை சரி. சிவப்புப் பேனா என்ன செய்யும்? பெரும்பாலும் ‘கணக்கை மாற்றி எழுதாதே’ என்று ஒரு சுழி. மதிப்பெண் பாதி.

இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் கழித்தல் என்று யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு இன்னும் இருபது கழித்தல் கணக்கு கொடுப்பது, சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை. கேட்க வேண்டியது வேறு. 1002இலிருந்து 367 போனால் எத்தனை குறைப்பாய்? மூன்று குறைத்து 999 – 364, அதாவது 635 என்று சொன்னால், இதே வித்தையைக் கூட்டலில் செய்தால் சரியாக வருமா என்று கேளுங்கள். வராது. அங்கே ஒன்றில் குறைத்ததை மற்றதில் ஏற்ற வேண்டும். ஏன் என்று அந்தப் பிள்ளை அரை மணி நேரம் யோசிக்கட்டும். செலவு ஒரு சாக்பீஸ்கூட இல்லை. தெரிந்த பாடத்தைச் சுருக்கி, மிஞ்சும் நேரத்தில் ஆழமான வேலை கொடுப்பது என்பதைத்தான் அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி பல புத்தகங்களில் விரித்து எழுதியிருக்கிறார்.

செலியமேட்டுப் பிள்ளைக்கு அரசு தருகிற பெரிய வாய்ப்பு ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையில் வந்த ஜவஹர் நவோதயா பள்ளி. புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரே ஒரு முறை தேர்வு: 80 கேள்வி, 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம். அதில் பாதி, அதாவது 40 கேள்வியும் 50 மதிப்பெண்ணும், படங்களைப் பார்த்து யோசிக்கும் மனத்திறன் பகுதி. தமிழிலேயே எழுதலாம். குறைந்தது 75 விழுக்காடு இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. தங்குவதும் சாப்பாடும் இலவசம். பாகூரைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்துக்குள் கால் வைத்தால் இந்த வாய்ப்பு கிடையாது, மும்மொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாடு நவோதயாவை ஏற்கவில்லை. அந்த வாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. போனால் இந்த வாரம் திரும்பி வர முடியாது.

நவோதயா நல்ல ஏற்பாடுதான். ஆனால் இடம் ஆண்டுக்கு 80 வரைதான், அதுவும் முழு மாவட்டத்துக்கும். கிடைத்த பிள்ளை பத்து வயதில் ஊரை விட்டுப் போகிறது. கிடைக்காத பிள்ளை அதே ஊரில் ஆறாம் வகுப்பில் உட்காருகிறது. முதல் நான்கு ஆண்டுகளில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று நவோதயா கேட்பதில்லை, அது அதன் வேலையும் இல்லை. எட்டாம் வகுப்பில் வரும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகையும் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்துப் படிப்பை நிறுத்தாமல் பார்த்துக்கொள்கிறதே தவிர, மூன்றாம் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

கண்டுபிடித்த பிறகும் கைவிடலாம் என்பதற்குக் கும்பகோணத்து ராமானுஜனே சாட்சி. 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவரை ஊருக்கே தெரியும். கல்லூரிக்குப் போய் மற்றப் பாடங்களில் தவறியதும் உதவித்தொகை பறிபோனது.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் வழி ஒன்று திறந்திருந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல். அட்டையை எடுத்து, முடித்து, ஏணியில் அடுத்த படிக்குப் போவது. மெதுவாகப் போகும் பிள்ளைக்கான ஏற்பாடு என்றே எல்லோரும் பேசினார்கள். முந்திப் போகும் பிள்ளையையும் அது நிறுத்தி வைக்கவில்லை, அதைப் பேசத்தான் ஆள் குறைவு. அட்டை தொலைந்தது, ரிஜிஸ்டர் எழுதியே ஆசிரியர் ஓய்ந்தார் என்ற குறைகளும் நியாயமானவை.

செலியமேடு போன்ற ஊரில் உடனே செய்யக்கூடியது இது. நவோதயா தேர்வில் வருவது போன்ற படப் புதிர்களை ஐந்தாம் வகுப்பு வரை பூட்டி வைக்காமல், மூன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் கொடுக்கலாம். மதிப்பெண் வேண்டாம், கைடு வேண்டாம், லீவு எடுத்த பிள்ளைக்குத் திங்கட்கிழமை. பத்து வாரத்தில் வாத்தியார் எதிர்பார்க்காத ஒன்றிரண்டு பெயர் தட்டுப்படும். அந்தப் பிள்ளையைக் கணக்குப் பாடவேளைக்கு மட்டும் நாலாம் வகுப்பில் உட்கார வைக்கத் தலைமையாசிரியர் சரி என்றால் போதும், மேலிடத்து உத்தரவு எதுவும் தேவைப்படாது. டபுள் புரமோஷன் அளவுக்குப் போக வேண்டாம். மணி அடித்ததும் பிள்ளை தன் வகுப்புக்கே திரும்பிவிடும்.

அப்படித் திரும்பி வரும் பிள்ளையை அதன் கூட்டாளிகள் என்ன பாடு படுத்துவார்கள், வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது தனிக் கதை. அடுத்த வாரம் அதுதான்.

(தொடரும்)