வீடியோ கேமுக்கு எந்தக் கேபிள்? எடுத்துக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மளிகைச் சரக்கு மட்டுமே விற்றுப் பிழைக்கும் கடை நம் திருத்தணிக் கடைவீதியில் இன்று குறைந்துவிட்டது. பருப்பு டப்பாக்களுக்கு மேலே ஒரு கம்பியில் பாட்டரி, சார்ஜர், ரிமோட், டி.வி. கேபிள் என்று நான்கைந்து சாமான்களைத் தொங்கவிடாத கடை அபூர்வம். பள்ளி விடுமுறையிலும், ஆடிக் கிருத்திகை, டிசம்பர் 31 படித் திருவிழா நாட்களிலும், "டி.வி.யில் கேம் ஆட ஒரு ஒயர் கொடுங்கள்" என்று பிள்ளைகளோடு வந்து கேட்பவர்கள் உண்டு.

கேபிளில் கிடைக்கும் லாபம் சிறியது. தவறான கேபிளைக் கொடுத்தால் வரும் நஷ்டம் பெரியது. நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வந்தவர் அதை மாற்றுவதற்காக மறுபடியும் பஸ் ஏற வேண்டும். வராமல் விட்டுவிட்டால் கேபிளோடு சேர்த்து நம் கடையையும் ஒதுக்கிவிடுவார். மாதச் சாமான் வாங்கும் குடும்பத்தை ஒரு ஒயருக்காக இழப்பது வியாபாரமாகாது. எனவே இந்தச் சரக்கைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு இங்கே விளக்குகிறோம்.

பெயரைக் கேட்க வேண்டாம். துளையைப் பார்க்க வேண்டும்

வாடிக்கையாளருக்குக் கேபிளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அவரிடம் இரண்டே கேள்விகள் போதும். கேம் பெட்டியின் பின்புறம் என்ன துளை இருக்கிறது? டி.வி.யின் பின்புறமோ பக்கவாட்டிலோ என்ன துளை இருக்கிறது? தெரியவில்லை என்றால் வீட்டிலிருப்பவரை இரண்டையும் செல்போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். படத்தைப் பார்த்த பிறகு கம்பியிலிருந்து கேபிளை எடுத்தால், பெரும்பாலும் அது திரும்பி வராது.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு

பழைய முறையில் மூன்று வட்டமான பின்கள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. நிறத்துக்கு நிறம் சொருகினால் வேலை முடிந்தது. ஆந்திரப் பக்கத்து வாடிக்கையாளரிடம் பசுப்பு, தெலுப்பு, எருப்பு என்றால் புரிந்துகொள்வார். மஞ்சளும் பசுப்பும் நாம் அன்றாடம் நிறுக்கும் சரக்கின் பெயர்தானே!

2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி போன்ற குழாய்த் திரை டி.வி.க்கள் சில வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அத்தகைய டி.வி.க்களுக்கு இந்த மஞ்சள் பின் கேபிள்தான் பொருந்தும். ஒரே ஸ்பீக்கர் உள்ள டி.வி.யில் சிவப்புத் துளை இல்லாமலும் இருக்கலாம். அப்போது மஞ்சளையும் வெள்ளையையும் மட்டும் சொருகினால் போதும். விலை குறைந்த கேம் பெட்டிகள் பலவற்றிலும் இந்த இரண்டு பின்கள்தான் வருகின்றன.

இதில் மூன்று இடங்களில் ஏமாற வாய்ப்புண்டு.

முதலாவது, பச்சை, நீலம், சிவப்பு என்ற இன்னொரு வரிசை. இதற்குக் காம்பொனென்ட் என்று பெயர். இந்த மூன்றுமே படத்துக்கானவை. ஒலிக்கு வெள்ளையும் சிவப்பும் தனியே இருக்கும். ஆக, ஒரே டி.வி.யில் இரண்டு சிவப்புத் துளைகள் இருக்கலாம். சில டி.வி.களில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் பொதுவாக இருக்கும். அங்கே மஞ்சள் பின்னைப் பச்சையில்தான் சொருக வேண்டும்.

இரண்டாவது, புதிய தட்டை டி.வி. சிலவற்றில் மூன்று துளைகளுக்குப் பதிலாக இயர்போன் துளை போன்ற ஒரே சிறு துளை இருக்கும். அதற்கு ஒரு முனை சிறு பின்னும் மறுமுனை மூன்று நிறமும் உள்ள கேபிள் வேண்டும். இந்தச் சிறு பின்னின் உள்ளே கம்பிகள் இணைக்கப்பட்ட வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செட்டாப் பாக்ஸுக்கு வந்த கேபிள் உருவத்தில் பொருந்தும். படம் வராமல் போகலாம். டி.வி.யோடு வந்த கேபிளைத் தேடச் சொல்வதே முதல் யோசனை.

மூன்றாவது, பிளே ஸ்டேஷன் 2. அந்தப் பெட்டியின் பின்னால் இருப்பது சோனியின் தனி உருவமுள்ள தட்டையான துளை. சாதாரண மூன்று நிறக் கேபிள் அதில் ஏறாது. ஆனால் அதற்கென உள்ள கேபிள் பிளே ஸ்டேஷன் 3-க்கும் பொருந்தும்.

எச்.டி.எம்.ஐ. கேபிள்

தட்டையான, இரு மூலைகள் சாய்ந்த பின் எச்.டி.எம்.ஐ. ஆகும். ஹிட்டாச்சி, சோனி, பிலிப்ஸ், தோஷிபா முதலிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இதன் முதல் விதிமுறை 2002 டிசம்பரில் வெளியாயிற்று. படம், ஒலி இரண்டும் ஒரே கேபிளில் போகும். பிளே ஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பாக்ஸின் புதிய பெட்டிகள் ஆகியவற்றுக்கு இதுவே கேபிள். இப்போது விற்கும் சிறு 'கேம் ஸ்டிக்'குகளும் இதே துளையில்தான் ஏறுகின்றன. அவற்றுக்கு யு.எஸ்.பி. வழியாகக் கரண்டும் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்புவது நல்லது.

எச்.டி.எம்.ஐ. கேபிள்கள் உருவத்தில் ஒன்றே. தாங்கும் திறனில் வேறு. 'ஹை ஸ்பீட்' என்பது வினாடிக்கு 10.2 ஜிகாபிட் வரை தாங்கும். சாதாரண முழு எச்.டி. டி.வி.க்கும் பிளே ஸ்டேஷன் 4-க்கும் இது தாராளம். 'பிரீமியம் ஹை ஸ்பீட்' 18 ஜிகாபிட், 4கே டி.வி.யில் வினாடிக்கு 60 படம் ஓட இது தேவை. 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' 48 ஜிகாபிட். 4கே-யில் 120 படம் காட்டும் டி.வி.யோடு பிளே ஸ்டேஷன் 5 போன்ற பெட்டியை இணைப்பவருக்கு மட்டுமே இது வேண்டும். பிளே ஸ்டேஷன் 5 பெட்டிக்குள்ளேயே இந்தக் கேபிள் வருகிறது. தொலைத்தவரோ அறுந்துபோனவரோ கேட்டால் மட்டும் வரவழைத்துக் கொடுக்கலாம்.

உறையின் மேல் '2.0', '2.1' என்று எண் அச்சிட்டிருந்தால் அதை மட்டும் நம்பிக் கொள்முதல் செய்யக் கூடாது. கேபிளை இத்தகைய எண் போட்டு விற்பதை எச்.டி.எம்.ஐ. உரிம அமைப்பு அனுமதிப்பதில்லை. மேலே சொன்ன பெயர்களே முறையானவை. பிரீமியம், அல்ட்ரா கேபிள்களின் உறையில் செல்போனால் படித்துச் சரிபார்க்கக்கூடிய சான்று முத்திரை இருக்க வேண்டும். ரிச்சி தெருவில் மொத்தமாக எடுக்கும்போதே இதைப் பார்த்துவிடலாம்.

தங்க முலாம் பூசிய பின் துருப்பிடிக்காமல் உழைக்கும். அதனால் படம் அழகாகிவிடாது. நீளம் கூடக் கூடச் சிக்கலும் கூடும். வீட்டுக்கு ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் போதுமானது.

சாக்கை மாற்றினால் நெல் அரிசியாகாது

அதிகத் தகராறுக்கு இடமளிக்கும் சரக்கு ஒன்று உண்டு. ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ. பின், மறுமுனையில் மூன்று நிறப் பின்கள், நடுவில் வெறும் ஒயர். புதிய கேம் பெட்டியைப் பழைய டி.வி.யில் போட இது போதும் என்று நினைத்து வாங்குகிறார்கள். படம் வராது. எச்.டி.எம்.ஐ.யில் படம் எண்களாகப் போகிறது; மஞ்சள் ஒயரில் மின் அலையாகப் போகிறது. ஒன்றை மற்றொன்றாக்க நடுவே ஒரு கருவி வேலை செய்தாக வேண்டும். நெல்லை அரிசியாக்க மில் வேண்டும். சாக்கை மாற்றினால் ஆகாது. இந்தக் கேபிளைக் கடையில் வைக்காமலிருப்பதே உத்தமம்.

அந்தக் கருவிக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது; யு.எஸ்.பி. ஒயர் வழியாகக் கரண்டு கொடுக்க வேண்டும். இது ஒருவழிப் பாதை. புதிய பெட்டியைப் பழைய டி.வி.யில் இணைக்க ஒன்று. பழைய பெட்டியைப் புதிய டி.வி.யில் இணைக்க வேறொன்று. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். 'உள்ளே', 'வெளியே' என்று துளைகளுக்கு அருகில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்துத் தனித்தனி டப்பாவில் வைக்க வேண்டும். புதிய பெட்டியைப் பழைய டி.வி.யில் போட்டால் எழுத்துக்கள் மங்கலாகத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கையிருப்பும் பில்லும்

மூன்று நிறக் கேபிள், இரண்டு மீட்டர் ஹை ஸ்பீட் எச்.டி.எம்.ஐ., பிரீமியம் எச்.டி.எம்.ஐ., இரு வகைக் கன்வெர்ட்டரில் ஒவ்வொன்று. சிறு கடைக்கு இவ்வளவு கையிருப்பு போதும். மற்றவற்றைக் கேட்கும்போது தருவித்துக் கொடுக்கலாம், பணம் முடங்காது. வாங்கும் பொட்டலத்தில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை ஆகியவை அச்சாகி இருக்க வேண்டும். இல்லாத சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் எடைச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர்களில் விற்கும் நாமும் இருப்போம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகை பழுதான சரக்குக்குக் கவசமாகாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பில் கொடுக்காமலிருப்பதும் அவ்வாறே. எனவே பில்லில் கேபிளின் வகையையும் மாற்றித் தரும் கெடுவையும் எழுதிக் கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. கடையில் ஒரு சிறு டி.வி. இருந்தால், கொடுக்கும் முன் கேபிளைச் சொருகிக் காட்டிவிடலாம்.

சில சமயம் புதுக் கேபிளே தேவைப்படாது. டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்திச் சரியான துளையைத் தேர்ந்தெடுக்காததால் படம் வராமல் இருக்கும். அதை முதலில் பார்க்கச் சொன்னால் அன்றைக்கு ஒரு கேபிள் விற்காமல் போகலாம். ஆனால் நாணயமான கடை என்ற பெயர் நிற்கும். அரிசி பருப்பு வாங்கவும் அவர் அந்தக் கடையைத்தான் தேடி வருவார்.