உங்களுக்குத் தெரியுமா? – ரத்தான பிறகும் பாய்ந்த 66ஏ

இணையத்தில் ‘மிகவும் புண்படுத்தும்’ செய்தியை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. எது புண்படுத்தும் என்பதற்கு அதில் விளக்கமே இல்லை. 2012-இல் சிவசேனா நிறுவனர் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்டு ஒரு பெண் முகநூலில் எழுதினார். அதற்கு ‘லைக்’ போட்ட தோழியும் சேர்ந்து கைதானார். சட்ட மாணவி ஸ்ரேயா சிங்கால் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது. கொடுமை என்னவென்றால், அதன் பிறகும் பல மாநிலங்களில் காவல்துறை அதே பிரிவில் வழக்குப் போட்டது. யார் மீதும் அவ்வாறு வழக்கு நடத்தக் கூடாது என 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. அதேவேளை, இதே சட்டத்தில் இணையதளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவு செல்லும் என்றும் 2015 தீர்ப்பு கூறியது.