கண்ணாடியில் படியும் மூச்சு

கம்பளையைக் கடந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியை அறியாத குடும்பங்கள் நம்மிடையே சிலவே. பாடசாலை விடுமுறை வந்துவிட்டால், பாட்டனும் பாட்டியும் பிள்ளைகளுமாக ஐவர் ஒரே காரில் நெருங்கி அமர்ந்து அவ்வழியே பயணம் செய்வது வழக்கம். கீழே வெயிலாக இருந்தது, மேலே செல்லச் செல்லத் தூறலாக மாறும். ஒரு வளைவு திரும்பியதும் மூடுபனி எதிரே வந்து நிற்கும். அவ்வேளையிலேதான் காரின் முன் கண்ணாடி உட்புறத்தில் வெளுக்கத் தொடங்கும். சாரதி கைலேஞ்சியை எடுத்துத் துடைப்பார். இரண்டு நிமிடத்தில் அது மறுபடியும் வெளுத்துவிடும். "வெளியே உள்ள பனி உள்ளே வருகின்றது, ஜன்னல்களை இறுக மூடுங்கள்" என்று பின் ஆசனத்திலிருந்து ஒரு குரல் எழும்.

இவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கண்ணாடியில் படிந்த நீர் மலையின் பனியன்று. காருக்குள் இருப்போர் விட்ட மூச்சேயாகும். ஜன்னல்களை இறுக மூடுந்தோறும் அது மிகுமேயன்றிக் குறையாது.

இதனைச் சிறு தொல்லை என்று எவரும் கருதலாகாது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், ஒரு விநாடியில் 11 மீற்றர் தூரம் ஓடுகின்றது. சாரதி ஒரு கையால் கண்ணாடியைத் துடைக்க இரண்டு விநாடிகள் செலவிட்டால், அதற்குள் வண்டி 22 மீற்றர் சென்றுவிடும். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைவீதியில் அத்துணைத் தூரத்தைப் பாதிக் குருடராகக் கடப்பது எத்தகைய ஆபத்து என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நீர் எங்கிருந்து வருகின்றது?

குளிர்ந்த நீர் நிரம்பிய குவளையை மேசைமீது வைத்தால் அதன் வெளிப்புறம் வியர்ப்பதை யாவரும் கண்டிருப்போம். குவளையிலிருந்து நீர் கசியவில்லை. சுற்றியுள்ள காற்றில் மறைந்திருந்த நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் ஒடுங்கித் துளிகளாகின்றது. காற்று வெப்பமாக இருக்கும்போது மிகுதியான நீராவியைத் தாங்கும். குளிரும்போது அத்தாங்கும் ஆற்றல் குறைந்துவிடும். ஒரு கனமீற்றர் காற்று 30 பாகை செல்சியசில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியையும், 20 பாகையில் 17 கிராமையும், 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று மேலும் மட்டுமே தாங்கவல்லது. எவ்வெப்பநிலையில் காற்று இனித் தாங்கமாட்டாமல் நீரைக் கைவிடுகின்றதோ, அதனையே பௌதிக பாடத்தில் மாணவர்கள் பனிபடுநிலை என்று படிக்கின்றனர்.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். சும்மா அமர்ந்திருக்கும் ஒருவர், மூச்சினாலும் தோலினாலும் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீரை வெளியே விடுகின்றார். ஐவர் சேர்ந்தால் 200 கிராம். சாதாரணக் காரின் உள்ளிடம் சுமார் 3 கனமீற்றர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே குளிரான இரவொன்றில் கண்ணாடி 10 பாகையில் இருப்பதாகக் கொள்வோம். அந்தக் கண்ணாடியில் நீர் படியாதிருக்க வேண்டுமானால், காருக்குள் உள்ள காற்று முழுவதிலும் 28 கிராமுக்கு மேற்பட்ட நீராவி இருத்தலாகாது. முற்றிலும் வறண்ட காற்றோடு கதவை மூடினாலும், ஐவரின் மூச்சு ஒன்பது நிமிடத்துக்குள் அந்த அளவை நிரப்பிவிடும். நனைந்த குடை, ஈரத் தலைமயிர், மழைநீர் ஊறிய கால்விரிப்பு ஆகியவையும் இருந்தால் அத்தனை நேரமும் வேண்டியதில்லை.

துடைத்தால் ஏன் தீர்வதில்லை?

துடைக்கும்போது படிந்த நீர் மட்டுமே போகின்றது. கண்ணாடியின் குளிரும் காற்றின் ஈரமும் அப்படியே இருக்கின்றன. அதனால் மீண்டும் படிகின்றது. மேலும், கையிலும் கைலேஞ்சியிலும் உள்ள எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டிக்கொள்கின்றது. பசை படிந்த கண்ணாடியில் நீர் எண்ணற்ற நுண்துளிகளாகத் திரண்டு ஒளியைச் சிதறடிக்கும். தூய கண்ணாடியிலோ அது மெல்லிய படலமாகப் பரவுவதால் பார்வையை அவ்வளவாக மறைப்பதில்லை. ஆங்கிலப் பௌதிக அறிஞரான றேலி பிரபு 1911ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். கண்ணாடித் தகட்டின்மீது சுவாலையை ஓட்டிவிட்டு மூச்சை ஊதினால், சுவாலை சென்ற தடத்தில் மாத்திரம் மூச்சு வெளுக்காமல் தெளிவாகப் படிகின்றது என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

சுவாலையில்லாமலே மாணவர்கள் இதனை வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடியின் ஒரு பாதியைச் சவர்க்கார நீரால் கழுவித் துடைத்துவிட்டு, மறு பாதியில் விரலால் தேய்த்துவிட்டு, இரண்டின்மீதும் ஊதிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். காரின் கண்ணாடிக்கும் இதுவே விதி. வெயிலில் காயும் காரின் உட்புறப் பிளாஸ்டிக் பகுதிகளிலிருந்து எழும் ஆவியும், சுருட்டு சிகரெட் புகையும் கண்ணாடியில் மெல்லிய பசையாகப் படிகின்றன. ஆகவே, பயணத்துக்கு முதல்நாள் கண்ணாடியின் உட்புறத்தைச் சவர்க்கார நீரால் கழுவி, தூய துணியால் ஈரமறத் துடைத்து வைப்பது நன்று.

செய்ய வேண்டியவை

கண்ணாடி வெளுக்கத் தொடங்கியதும், காற்றின் போக்கை முன் கண்ணாடிக்குத் திருப்புதல் முதல் வேலை. வளைந்த கண்ணாடியும் மேல்நோக்கி நெளியும் அம்புகளும் வரைந்த பொத்தான் இதற்குரியது. யப்பானிலிருந்து வந்த வண்டியாயினும் ஐரோப்பாவிலிருந்து வந்த வண்டியாயினும் இக்குறி ஏறக்குறைய ஒன்றே. இரண்டாவதாக, உள்ளேயுள்ள காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வருமாறு செய்தல் வேண்டும். மூன்றாவதாக, ஏ.சி.யை இயக்குதல். நான்காவதாக, ஹீற்றரின் வெப்பத்தைக் கூட்டி, விசிறியை வேகமாக்குதல்.

குளிரூட்டுவதும் சூடாக்குவதும் ஒரே வேளையில் எதற்கு என்று வாசகர் வினவலாம். நனைந்த துணியை முதலில் பிழிந்து, பின்னர் வெயிலில் போடுவதில்லையா? அதுபோன்றதே இது. ஏ.சி.யின் குளிர்ந்த தகடுகளின் ஊடே செல்லும் காற்று தன் ஈரத்தை அங்கேயே கைவிடுகின்றது. காரின் அடியில் சொட்டும் நீர் அதுவே. ஈரம் நீங்கிய காற்றை ஹீற்றர் சூடாக்கி அனுப்ப, அது கண்ணாடியையும் வெப்பமாக்கி, அதிலுள்ள நீரையும் உறிஞ்சிச் செல்கின்றது. மூடுபனியினூடே செல்லும்போது வெளிக்காற்றும் நீராவியால் நிரம்பியிருக்குமாதலால், பிழிவதும் சூடாக்குவதும் ஆகிய இரண்டும் அங்கே மிக வேண்டியவை. வெப்ப நாடுகளுக்கென விற்கப்படும் சில வண்டிகளில் ஹீற்றர் இருப்பதில்லை. அவற்றில் ஏ.சி.யையும் வெளிக்காற்றையும் கொண்டே சமாளித்தல் வேண்டும். ஏ.சி.யும் இல்லாத பழைய வண்டியாயின், பக்க ஜன்னல்களை இரண்டு விரற்கடை இறக்கிவிடுவதே வழி. சிறிது குளிரும், ஆனால் பாதை தெரியும்.

பின் கண்ணாடியில் கிடையாக ஓடும் மெல்லிய கோடுகள் அழகுக்காக வரைந்தவையல்ல. மின்சாரத்தால் சூடாகும் இழைகள் அவை. அவற்றுக்குரிய பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் கண்ணாடி தெளியும். உட்புறத்தில் கூரிய பொருளால் சுரண்டினால் இழை அறுந்துபோகும்.

கொழும்பில் நிகழும் எதிர்மாறு

தாழ்நிலத்தில் மழைக்காலத்தின்போது இதற்கு எதிரான நிலையைக் காணலாம். வெளியே 28 பாகை வெப்பமும் மிகுந்த ஈரமும், உள்ளே ஏ.சி. கடுங்குளிரை முன் கண்ணாடிமீது வீசுகின்றது. அப்போது குளிர்நீர்க் குவளையைப் போலக் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்க்கும். இங்கே ஏ.சி.யை இன்னும் கூட்டுவது நோயை வளர்ப்பதாகும். வைப்பரை இயக்கி, குளிரைக் குறைத்து, காற்றின் போக்கைக் கண்ணாடியிலிருந்து வேறு பக்கம் திருப்பினால் போதும்.

எப்புறம் படிந்தது என்பதை அறிவது எளிது. வண்டி நிற்கும்போது உட்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கவும். கோடு தெளிந்தால் நீர் உட்புறத்தில், தெளியாவிட்டால் வெளிப்புறத்தில். மருந்தைத் தேடுமுன் நோய் இன்னதென்று அறிதல் நலம்.

காற்று வலுவாக வராவிட்டால்

பொத்தான்களைச் சரியாக அழுத்தியும் காற்று முனகிக்கொண்டே வருமானால், அது செல்லும் பாதையைத் தொடர்ந்து பார்த்தல் வேண்டும். முன் கண்ணாடியின் அடியில், வைப்பருக்கு அருகே உள்ள சல்லடை வழியாகக் காற்று நுழைகின்றது. பின்னர் வடிகட்டி, விசிறி, ஏ.சி.யின் தகடுகள், ஹீற்றர் ஆகியவற்றைக் கடந்து, திசை திருப்பும் சிறு கதவுகளின் வழியாகக் கண்ணாடியை அடைகின்றது.

விசிறி இரைந்தும் எல்லா வேகத்திலும் காற்று குறைவாக வந்தால், முதலில் ஐயுற வேண்டியது வடிகட்டியை. பல வண்டிகளில் இஃது இடப்புற ஆசனத்தின் முன்னுள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். தூசியும் இலைச்சருகும் அடைத்துக் கறுத்திருந்தால் மாற்றிவிடுக. ஆண்டுக்கு ஒரு முறையேனும் இதனைத் திறந்து பார்ப்பது நல்லது. மரத்தடியில் நிறுத்தும் வண்டியாயின் வெளிச் சல்லடையில் அடைந்த இலைகளையும் அகற்றுதல் வேண்டும்.

விசிறி மிக உயர்ந்த வேகத்தில் மட்டும் சுழன்று, மற்ற வேகங்களில் நின்றுவிடுமாயின், வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை எரிந்திருக்கக்கூடும். சற்றும் சுழலாவிட்டால் பியூசையும், பின்னர் விசிறியின் மோட்டாரையும் பார்க்க வேண்டும். காற்று வலுவாக வந்தும் காலடிக்கே சென்று, கண்ணாடிக்கு வராவிட்டால், திசை திருப்பும் கதவில் பழுதுண்டு. உள்ளே 'டிக் டிக்' என்ற ஒலி கேட்பதும் அதன் அறிகுறியே.

காற்று வலுவாக இருந்தும் சூடேறாவிட்டால், குறை இயந்திரத்தின் நீரோட்டத்தில் உள்ளது. ஹீற்றர் தன் வெப்பத்தை இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரிலிருந்தே பெறுகின்றது. அந்நீர் குறைந்திருக்கலாம், அதனைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாற் திறந்தபடியே சிக்கியிருக்கலாம், அல்லது ஹீற்றரின் குழாய்களில் அழுக்கு அடைத்திருக்கலாம். இயந்திரம் சூடாக இருக்கும்போது றேடியேற்றரின் மூடியைத் திறத்தல் ஒருபோதும் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

ஓர் அறிகுறியை மட்டும் அலட்சியம் செய்யலாகாது. காருக்குள் இனிப்பான மணம் வீசி, எத்தனை முறை துடைத்தாலும் கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் திரும்பத் திரும்பப் படிந்து, காலடி விரிப்பும் நனைந்திருந்தால், ஹீற்றரிலிருந்து குளிர்விக்கும் திரவம் கசிகின்றது என்று கொள்ளலாம். அத்திரவத்தில் பெரும்பாலும் கலந்துள்ள எதிலீன் கிளைக்கோல் நஞ்சாகும். அதன் இனிப்புச் சுவை குழந்தைகளையும் நாய் பூனைகளையும் ஈர்க்கவல்லது. தாமதமின்றி வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும்.

குளிர் நாடுகளில் வாழும் உறவினருக்கு

நம்மவர் பலர் இன்று கனடாவின் ரொறன்ரோ போன்ற நகரங்களில் வாழ்கின்றனர். அங்கே மாரியில் கண்ணாடியில் நீருக்குப் பதிலாகப் பனிக்கட்டியே உறைந்துவிடும். ஆயினும் இயற்கை அங்கே ஓர் உதவியும் செய்கின்றது. பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையில் உள்ள காற்று, ஒரு கனமீற்றருக்கு இரண்டரைக் கிராம் நீராவியைக்கூடத் தாங்குவதில்லை. அதனைச் சூடாக்கி உள்ளே விட்டால் அது மிக வறண்ட காற்றாகிக் கண்ணாடியை விரைவில் உலர்த்தும். ஆகவே குளிருக்கு அஞ்சி வெளிக்காற்றை அடைப்பது அங்கும் பிழையே. வெளிக்காற்றை உள்ளிழுத்து, சூடாக்கி, வடிகட்டி அனுப்பும் முறையை அமெரிக்காவின் நாஷ் கம்பனி 1938ஆம் ஆண்டிலேயே தன் கார்களில் அமைத்தது.

அங்குள்ளோர் சல்லடைமீது குவிந்த பனியை அகற்றிய பின்னரே விசிறியை இயக்குதல் நன்று. உறைந்த கண்ணாடிமீது வெந்நீர் ஊற்றினால் அது வெடித்துவிடக்கூடும். காரைச் சூடாக்குவதற்காக மூடிய கராச்சுக்குள் இயந்திரத்தை ஓடவிடுதல் உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

நம் நாட்டிலே, சித்திரையில் நுவரெலியா செல்லப் புறப்படும் குடும்பங்கள் சில்லுகளையும் பெற்றோலையும் பார்ப்பதோடு, விசிறியின் காற்றையும் ஒருமுறை கண்ணாடிமீது கைவைத்துப் பார்த்துக்கொள்வார்களாக. ஒரு கேத்தல் நீர் கொதிக்கும் நேரங்கூட இதற்கு ஆகாது. வழியில் எதுவும் பலிக்காமல் கண்ணாடி வெளுத்தே நின்றால், வளைவில்லாத அகன்ற இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, கதவுகளைத் திறந்துவிடுங்கள். பிள்ளைகள் குளிரில் சற்று நடுங்கினாலும், உள்ளே தேங்கிய மூச்சு மலைக்காற்றோடு கலந்து போய்விடும்.