கல்வி உதவித்தொகை: கடைசித் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள தேதிகள்

கல்வி உதவித்தொகை அறிவிப்பில் அச்சாகும் கடைசித் தேதி, மாணவர் தம் விண்ணப்பத்தை இணையதளத்தில் சமர்ப்பிக்க வேண்டிய நாளை மட்டுமே குறிக்கிறது. அந்த நாளுக்கு முன்னால் சான்றிதழ்கள் கைக்கு வந்து சேர வேண்டிய நாளும், வங்கிக் கணக்கு ஆதாருடன் முறையாக இணைந்திருக்க வேண்டிய நாளும் இருக்கின்றன. அதற்குப் பின்னால், படிக்கும் நிறுவனமும் மேல்நிலை அலுவலரும் விண்ணப்பத்தைச் சரிபார்த்து முடிக்க வேண்டிய நாட்கள் இருக்கின்றன. இவற்றுள் ஒன்று தவறினாலும், தகுதி முழுவதும் இருந்தும் அந்த ஆண்டுத் தொகை கைவிட்டுப் போகிறது. கடலூர், சிதம்பரம் பகுதி மாணவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஏனெனில் பல விண்ணப்பங்களின் கெடு முடிகிற மாதங்களே இம்மாவட்டம் வெள்ளத்தையும் புயலையும் எதிர்கொள்ளும் வடகிழக்குப் பருவமழையின் மாதங்களாகவும் உள்ளன.

எந்த உதவி, யாருக்கு

சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை, 1944-இல் நடைமுறைக்கு வந்தது. கல்வியின் கதவைத் திறந்துவிட்ட அந்த முயற்சிகளின் பயன் ஒரு ஏழை மாணவரைச் சென்றடைவது, இன்று அவருடைய விண்ணப்பம் உரிய நாளில் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்வதைப் பொறுத்திருக்கிறது.

போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். இதன் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகிய பிரிவுகளில் முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு மாணவர்களுக்கும் மாநில அரசு இதே 2.5 லட்சம் ரூபாய் வரம்பில் உதவித்தொகை வழங்குகிறது.

எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதிப் பெறும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகை, அதாவது பள்ளிகளில் 'என்.எம்.எம்.எஸ்.' என்று வழங்குவது, 2008-இல் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி மாணவர்களுக்கான இத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தேர்வில் வென்றவர் ஒன்பதாம் வகுப்பில் தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்து, அடுத்த மூன்று ஆண்டுகளும் புதுப்பித்தால்தான் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 48,000 ரூபாய் வந்து சேரும்.

கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு 'பி.எம். யு.எஸ்.பி.' என்ற ஒன்றிய அரசின் உதவித்தொகை உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரிய மாணவர்களில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். முறையான வகுப்புக்குச் சென்று படிப்பவர்களுக்கு மட்டுமே இது உரியது என்பதால், தொலைநிலைக் கல்வியில் சேர்வோர் இதை எதிர்பார்க்க இயலாது; வேறு உதவித்தொகை பெறுவோருக்கும் இது கிடைக்காது. மாறாக, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தை (2022) மற்ற உதவித்தொகைகளோடு சேர்த்தே பெறலாம். மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் இதற்கு இணையானது. எதை எதனுடன் சேர்த்துப் பெறலாம் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துகொண்டால், இரண்டுக்கும் விண்ணப்பித்து இரண்டும் சிக்கலாகும் நிலையைத் தவிர்க்கலாம்.

சான்றிதழுக்கு ஆகும் காலம்

இந்த உதவித்தொகைகளில் பெரும்பாலானவற்றுக்கு வருமானச் சான்றிதழ் தேவை. சமூக அடிப்படையிலானவற்றுக்குச் சாதிச் சான்றிதழும் வேண்டும். இ-சேவை மையத்தில் பதிவு செய்யப்படும் வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் பரிந்துரையுடன் வட்டாட்சியர் அலுவலகம் சென்று ஒப்புதல் பெறுகிறது. இந்தப் படிகளில் ஏதேனும் ஒன்றில் கூடுதல் ஆவணம் கேட்கப்பட்டு விண்ணப்பம் நின்றுவிட்டால், ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணைக் கொண்டு நிலையைப் பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

சாதிச் சான்றிதழை வழங்கும் அலுவலரும் பிரிவுக்குப் பிரிவு மாறுகிறார். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியர் நிலையிலும், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் நிலையிலும் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது; பழங்குடியினருக்கோ கோட்ட அளவில் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரித்து வழங்க வேண்டும். கிள்ளை, பிச்சாவரம் பகுதியில் வாழும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் கேட்டவுடன் சான்றிதழைக் காட்ட முடியாமைக்கு இந்தக் கூடுதல் படி ஒரு காரணம். அவர்களுக்கான விண்ணப்பத்தைப் பள்ளி தொடங்கும் ஜூன் மாதத்திலேயே, இயன்றால் அதற்கும் முன்னதாகவே, பதிவு செய்துவிடுவது நல்லது.

பெயரும் வங்கிக் கணக்கும்

தமிழ்நாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களில் அடிக்கடி சிக்கல் எழும் இடம் முதலெழுத்து, அதாவது இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் பெயருக்கு முன்னால் நிற்கும் 'எஸ்' ஆதாரில் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். வங்கிப் புத்தகத்திலோ அது தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும். மூன்றும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்பது ஊருக்குத் தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்குத் தெரியாது. தேசிய இணையதளம் ஒருமுறைப் பதிவு என்ற முறையில் ஒவ்வொரு மாணவருக்கும் 14 இலக்க எண் ஒன்றை அளிக்கிறது; படிப்புக்காலம் முழுவதும் பயன்படும் அந்த எண் ஆதார் விவரங்களின் அடிப்படையிலேயே உருவாகிறது. ஆகவே பெயர் திருத்தம் ஏதும் தேவைப்பட்டால் அதைப் பதிவுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.

வங்கிக் கணக்கில் இரண்டு செயல்கள் தனித்தனியானவை. கணக்கு தொடங்கும்போது ஆதார் நகலைக் கொடுப்பது அடையாளச் சரிபார்ப்பு. அரசுத் தொகை வந்து சேர்வதற்குக் கணக்கை ஆதாருடன் இணைப்பது, அதாவது வங்கிகளில் 'ஆதார் சீடிங்' என்று சொல்வது, தனியே ஒப்புதல் படிவம் கொடுத்துச் செய்ய வேண்டியது. ஒருவருக்கு எத்தனை கணக்குகள் இருந்தாலும், ஆதார் வழித் தொகை கடைசியாக இணைக்கப்பட்ட ஒரே கணக்குக்குத்தான் செல்லும். பள்ளிப் பருவத்தில் தொடங்கிய கணக்கை மறந்துவிட்டுக் கல்லூரியில் புதுக் கணக்கு தொடங்கியவர், எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் சில நிமிடங்களில் பார்த்துக்கொள்ளலாம்.

சமர்ப்பித்த பின்னும் முடிவதில்லை

தேசிய இணையதளத்தில் விண்ணப்பம் இரண்டு நிலைச் சரிபார்ப்பைக் கடக்கிறது. முதலில் பள்ளி அல்லது கல்லூரியில் இதற்கென நியமிக்கப்பட்ட பொறுப்பு அலுவலர், அதாவது நோடல் அலுவலர், விவரங்களைச் சரிபார்க்கிறார். பிறகு திட்டத்தைப் பொறுத்து மாவட்ட அல்லது மாநில அலுவலர் சரிபார்க்கிறார். இரு நிலைகளுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. குறை கண்டால் அலுவலர் விண்ணப்பத்தைத் திருத்தத்துக்காக மாணவருக்கே திருப்பி அனுப்புவார். அதை உரிய நாளுக்குள் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்காவிட்டால் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கணினி மையத்தில் விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு இங்கே ஓர் ஆபத்து உண்டு. அவசரத்தில் மையத்தை நடத்துபவரின் செல்பேசி எண்ணையே பதிவு செய்துவிட்டால், கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் திருத்த அறிவிப்பும் அவருக்கே போகும். மாணவர் அடுத்த ஆண்டு புதுப்பிக்க வரும்போது தம் கணக்குக்குள் நுழையக்கூட இயலாது. குடும்பத்தில் நிலையாக இருக்கும் ஒரு எண்ணை, ஆதாரில் உள்ள அதே எண்ணை, எல்லாத் திட்டங்களுக்கும் தருவதே பாதுகாப்பானது.

மழைக்கு முந்தைய கெடு

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர்–புதுச்சேரி கடற்கரையில் கரை கடந்தது. 2015 நவம்பரில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் பெருகிய தென்பெண்ணை கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. தெற்கே கொள்ளிடம் பெருகும் நாட்களில் சிதம்பரம் வட்டத்துக் கரையோர ஊர்களும் துண்டிக்கப்படுகின்றன. பள்ளிகள் விடுமுறை விடப்பட்டு, மின்சாரமும் இணையமும் நின்று, வருவாய்த் துறை அலுவலர்கள் அனைவரும் நிவாரணப் பணிக்குச் சென்றுவிடும் அந்த வாரங்களில் சான்றிதழ் பெறுவதோ விண்ணப்பத்தைச் சரிபார்ப்பதோ நடைமுறையில் இயலாது. கெடு நீட்டிக்கப்படுவது உண்டென்றாலும், நாடு முழுவதற்குமான திட்டம் ஒன்று ஒரு மாவட்டத்து மழைக்காகக் காத்திருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே அறிவிப்பில் அக்டோபர் 31 என்றிருந்தால், இம்மாவட்ட மாணவர் தமக்கான கெடுவைச் செப்டம்பர் 15 என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடலாம்: ஜூன் மாதத்தில் பெயர், ஆதார், வங்கி இணைப்பைச் சரிபார்த்தல், ஜூலையில் வருமானச் சான்றிதழுக்குப் பதிவு செய்தல், ஆகஸ்டில் விண்ணப்பத்தை நிரப்பிச் சமர்ப்பித்தல், செப்டம்பரில் நிறுவனச் சரிபார்ப்பு முடிந்ததா என்று பார்த்தல். மூலச் சான்றிதழ்களை நீர் புகாத உறையில் உயரமான இடத்தில் வைப்பதோடு, டிஜிலாக்கர் என்ற அரசின் மின்னணு ஆவணப் பெட்டகத்தில் மதிப்பெண் சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டால், வீட்டுக்குள் நீர் புகுந்தாலும் ஆவணம் அழியாது.

ஒரு நோட்டு, சில பத்திகள்

இவ்வளவையும் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால் எழுதி வைப்பது இன்றியமையாதது. கணினி இல்லாத வீட்டுக்கு 80 பக்க நோட்டு ஒன்று போதும். அகலவாக்கில் கோடு போட்டு, திட்டத்தின் பெயர், விண்ணப்பிக்கும் இடம், விண்ணப்ப எண், பதிவு செய்த செல்பேசி எண், மாணவருக்கான கெடு, நிறுவனச் சரிபார்ப்புக்கான கெடு, தேவையான சான்றிதழ்களும் அவற்றின் எண்களும், இன்றைய நிலை, தொகை வந்த நாள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். நிலையைக் குறிக்கும் பத்தியை வாரம் ஒருமுறை, நாள் குறித்து நிரப்ப வேண்டும். 'சமர்ப்பித்தாயிற்று' என்பதுடன் நிறுத்திவிடாமல் 'கல்லூரி சரிபார்த்தது', 'மேல்நிலையில் சரிபார்க்கப்பட்டது', 'தொகை வந்தது' என்று படிப்படியாக எழுதினால், எந்தப் படியில் எத்தனை வாரமாக விண்ணப்பம் நிற்கிறது என்பது பார்த்தவுடன் புலப்படும். அலுவலகத்தில் போய்க் கேட்கும்போதும், விண்ணப்ப எண்ணையும் தேதியையும் சொல்லிக் கேட்பவருக்கு விடை விரைவாகக் கிடைக்கிறது.

மாணவரின் நோட்டு மட்டும் போதாது. படிக்காத பெற்றோரின் பிள்ளைக்கு, விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டதை எடுத்துச் சொல்லக்கூடியவர் பள்ளியிலோ கல்லூரியிலோ உள்ள பொறுப்பு அலுவலர் ஒருவர்தான். கடலூர், சிதம்பரம் பகுதிக் கல்வி நிறுவனங்கள் மாணவருக்கான கெடுவுடன் தம் சரிபார்ப்புக் கெடுவையும் அறிவிப்புப் பலகையில் சேர்த்து எழுதி, நிலுவையில் உள்ள விண்ணப்பங்களின் எண்களை வாரந்தோறும் ஒட்டினால், இடையில் நின்றுபோகும் விண்ணப்பங்கள் பெருமளவு குறையும். பருவமழைக்கு முன்பாக, ஆகஸ்டுக்குள், வருவாய்த் துறையும் வங்கிகளும் பள்ளி, கல்லூரி வளாகங்களிலேயே கூட்டாக முகாம் நடத்தினால், சான்றிதழும் வங்கி இணைப்பும் ஒரே நாளில் முடியும். உதவித்தொகை என்பது சட்டமும் திட்டமும் மாணவருக்கு ஏற்கெனவே வழங்கிவிட்ட உரிமை. ஒரு தேதி தவறியதால் அதை இழக்க நேர்ந்தால், அந்த இழப்பு முதலில் பாதிப்பது அந்தத் தொகையை நம்பியே கல்லூரிப் படியேறிய பிள்ளையைத்தான் என்பதால், கெடுவைக் காப்பது மாணவருக்கும் நிறுவனத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் பொதுவான கடமை.